மறுபடி போனோமா?

"இந்தக் காலத்தில் நாம் சொன்னால் யார் ஸார் கேட்கிறார்கள்?"

படித்த மனிதர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி காதில் விழாமல் நான் வீடு திரும்பியது கிடையாது. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ரயிலில் கேட்டிருக்கிறேன், தண்ணீர் வராத தெருவில் காலிக் குடத்துக்குப் பக்கத்தில் நின்றும் கேட்டிருக்கிறேன். ஒரு விசித்திரம் என்னவென்றால், இதைச் சொல்லுகிறவருடைய முகத்தில் துக்கம் தெரிவதில்லை, நிம்மதிதான் தெரிகிறது. கேட்கமாட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டால், சொல்லவேண்டிய பொறுப்பும் நம்மைவிட்டு நீங்கிவிடுகிறதல்லவா?

இந்த நிம்மதியின்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே வரவேண்டியது என்பதை அண்மையில் பனமலைக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

செஞ்சிச் சீமையில், பெரிய ஏரியின் கரையை ஒட்டினாற்போல நிற்கிற சின்னக் குன்று பனமலை. அதன் உச்சியில் ராஜசிம்ம பல்லவன் சுமார் 1,300 வருஷங்களுக்கு முன்னால் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. சுவர் ஓவியத்தில் அம்பிகை ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கிறாள். பூச்சு உதிர்ந்து, வர்ணம் மங்கி, அத்தனைக்கும் மிஞ்சி நிற்கிற அந்த முகத்தைப் பார்க்கத்தான் என் போன்றவர்கள் அந்தப் பக்கம் போவது வழக்கம். இந்தத் தடவை என்னை அழைத்தவர்கள் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களைச் சேர்ந்த வாலிபர்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். ஊர்க் காரியங்களைச் சட்டசபை மெம்பரிடம் எடுத்துச் சொல்லவென்று ஒரு சிறு கூட்டம் சேர்த்திருந்தார்கள். கட்சி கிடையாது, கொடி கிடையாது.

"முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தாங்க ஸார். ரெண்டாவதுக்குப் பதினெட்டு. மூணாவதுக்கு நாங்க மட்டுந்தான். நீங்க வந்து உணர்ச்சியா ஒரு பிரசங்கம் பண்ணினா எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க" என்றான் ஒரு பையன்.

நான் பதில் சொல்லுவதற்குள், எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த ஓர் அம்மாள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். அந்தக் கூட்டத்திலிருந்த பெண் ஒருத்தியின் தாயார் அவள்.

"ஐயா, பஸ்ஸுக்கு மகஜர் எழுதினது நீங்கதானே?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சுமார் முப்பது வருஷங்களுக்கு முந்திய சமாசாரம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சில மாதங்கள் தங்கி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து உயர்நிலைப்பள்ளிக்குப் போகக் காலையில் பஸ் இல்லை. பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண் குழந்தைகள் எட்டாவதோடு நின்றுவிட்டார்கள். என் ரத்தம் கொதித்தது. ஒரே ராத்திரியில் மகஜர் எழுதினேன். நாவலாசிரியன் எழுதிய மகஜர் என்றால் கேட்கவேண்டுமா, கல்லும் கரையும்! கையெழுத்தும் கைநாட்டுமாக முன்னூற்றுக்கு மேல் சேர்ந்தன. வேன் பிடித்துக்கொண்டு மெம்பர் வீட்டுக்குப் போனோம். அவர் மரியாதையாக எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். "கவனிக்கிறேன்" என்றார். வெற்றி வீரர்களைப்போல ஊர் திரும்பினோம். அடுத்த மாதம் நாவல் முடிந்தது. நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

பஸ் வரவில்லை. வராததை நான் அறிந்தபோது, "நாம் சொன்னால் யார் கேட்கிறார்கள்?" என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

சில வருஷங்கள் கழித்து அதே மெம்பரை ரயிலில் சந்திக்க நேர்ந்தது. அப்போது அவர் பதவியில் இல்லை. அதனால் உண்மை பேச அவகாசம் இருந்தது. பஸ் விஷயத்தைச் சற்றுக் குத்தலாகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எத்தனை மகஜர் என் மேஜைக்கு வந்தது தெரியுமா? எல்லாவற்றிலும் கையெழுத்து உண்டு. எல்லாவற்றிலும் கண்ணீர் உண்டு. எது நிஜமாகவே அவசரம் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? மறுபடி யார் வந்தார்களோ, அவர்கள் காரியத்தைப் பார்த்தேன். நீங்கள் மறுபடி வரவில்லையே!" என்றார்.

அந்தப் பதிலை அன்றைக்கு ஓர் அரசியல்வாதியின் சாமர்த்தியம் என்று ஒதுக்கித் தள்ளினேன். பனமலையில் தேநீர் கொடுத்த அம்மாளும் அதையேதான் சொன்னாள்: "அதுல நானும் கையெழுத்துப் போட்டேன் ஐயா. எட்டாவது படிச்சுகிட்டு இருந்தேன். நீங்க மறுபடி வருவீங்கன்னு பாத்தோம்." அவள் ஒன்பதாவது படிக்கவில்லை.

ஆகவே உணர்ச்சிப் பிரசங்கம் செய்ய நான் மறுத்துவிட்டேன். அங்கே சொன்னதையும், சொல்ல வாய் வராமல் மனத்தில் வைத்துக்கொண்டு வந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மைப் பிடித்த முதல் வியாதி, கூட்டத்தையும் தொண்டனையும் ஒன்றென்று நினைப்பது. கூட்டத்தை ஒரு நாளில் சேர்த்துவிடலாம். வேனும் பிரியாணியும் இருந்தால் போதும். சட்டசபைக்குப் போகிறவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களே கூட்டம் சேர்த்துப் பழகியவர்கள்தாமே! ஆயிரம் பேர் ஒரு நாள் வந்தால் அவர்கள் அசைவதில்லை. பத்துப் பேர் பத்துத் தடவை வந்தால்தான், "இதென்ன, போகமாட்டார்கள் போலிருக்கிறதே" என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாவது வியாதி, வீரத்தின்மேல் நமக்குள்ள மோகம். செஞ்சி என்றவுடன் யார் ஞாபகம் வருகிறது? ராஜா தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து, 1714-ல் உயிர்விட்ட இளைஞன். அவன் கதையைத் தெருக்கூத்தாக ஆடியும் பாட்டாகப் பாடியும் தமிழ்நாடு அழுதிருக்கிறது. நானும் அழுதிருக்கிறேன். ஆனால் ஓர் ஊருக்குப் பஸ் வரவேண்டுமென்றால் தேசிங்கு உதவமாட்டான்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் இன்னொரு குதிரைக்காரன் இருந்தான். தாமஸ் கிளார்க்ஸன் என்று பெயர். 1787 மே மாதம் லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு பேர் கூடி, அடிமை வியாபாரத்தை ஒழிக்கவேண்டும் என்று ஒரு கமிட்டி அமைத்தார்கள். அவர்களில் ஒருவனான கிளார்க்ஸன் குதிரை ஏறினான், யுத்தத்துக்கு அல்ல. ஊர் ஊராகப் போனான். அடிமைகளைப் பூட்டுகிற விலங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான். ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேரைக் கண்டுபிடித்து, அவர்களிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினான். ஏழு வருஷத்தில் அவன் சுற்றிய தூரம் 35,000 மைல் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். 1792-ல் பார்லிமெண்டுக்கு 519 மனுக்கள் வந்து குவிந்தன. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை வேண்டாமென்று லட்சக்கணக்கானவர்கள் ஒதுக்கினார்கள். அப்படியும் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807-ல்தான் வந்தது. இருபது வருஷம்! நம் தேசிங்கைப்போல ஒரே நாளில் முடித்துக்கொள்ள அவர்கள் ஆசைப்பட்டிருந்தால், ஒரு நல்ல பாட்டுக் கிடைத்திருக்கும், சட்டம் கிடைத்திராது.

'அதெல்லாம் வெள்ளைக்கார தேசத்தில்' என்று சிலர் சொல்லக்கூடும். சரி, பக்கத்து வீட்டுக்கே வருவோம்.

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடுகிற பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதைப் பார்க்காத வாசகர் உண்டா? 2010-ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படம் வந்தபோது நாம் எல்லோரும் கண்கலங்கினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தீபாவளிக்கு அதே கடைகளுக்குப் போனோம். நான் அதைப்பற்றி ஒரு கடிதம்கூட எந்த மந்திரிக்கும் எழுதவில்லை.

அதையொட்டிய வருஷங்களில் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருவில், விஜி என்கிற தையல்காரப் பெண் என்ன செய்தார் தெரியுமா? கடைப் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். விஜி பெரிய தத்துவம் ஒன்றும் பேசவில்லை. கடை கடையாகப் போய் அந்தப் பெண்களோடு பேசினார். 'பெண்கூட்டு' என்று ஒரு சேர்க்கை உண்டாயிற்று. முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு, உட்கார ஓர் இடம் கேட்டார்கள். உட்காரும் உரிமை! கேட்கும்போது சிரிப்பு வரும். பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்த்தால் வராது. துண்டுப் பிரசுரம், ஊர்வலம், மந்திரிகளுக்கு மனு, சங்கம் என்று வருஷக்கணக்கில் விடாமல் போனார்கள். 2018-ல் கேரள அரசாங்கம் கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையும் 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, பேசியது யார் என்பது. நின்று நின்று கால் வீங்கியவள்தான் பேசினாள். அவளுக்காக ஒரு நாவலாசிரியன் பேசவில்லை. முப்பது வருஷங்களுக்கு முன் மெம்பர் வீட்டில் பேசியவன் நான். பள்ளிக்கூடத்துக்குப் போகமுடியாத குழந்தைகள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியை முன்னால் தள்ளி, "நீயே சொல்லம்மா" என்று விட எனக்குத் தோன்றவில்லை. என் தமிழ்மேல் அத்தனை கர்வம் எனக்கு! ஒரு தடவை தானே வாய் திறந்து பேசியவள் அடுத்த தடவை தானாக வருவாள். கையெழுத்து மட்டும் போட்டவள் ஏன் வரவேண்டும்?

ராஜஸ்தானத்து ஏழை ஜனங்களுடைய கதையும் இதையே சொல்லுகிறது. அருணா ராய் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை விட்டவர். அவரும் சகாக்களும் தேவ்டுங்ரி என்கிற கிராமத்தில் குடியேறி, கூலி வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து 1990-ல் ஒரு சங்கம் கண்டார்கள். அவர்கள் ஜனங்களை எப்படித் தட்டி எழுப்பினார்கள்? பிரசங்கத்தாலா? இல்லை. பஞ்சாயத்துக் கணக்கை வாங்கி, 1994 முதல் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். 'இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுத்தாயிற்று' என்று கணக்கு சொல்லும், பெயருக்குரியவன் எழுந்து, "எனக்கு யாரும் கொடுக்கவில்லையே!" என்பான். இதைவிட ஒரு பிரசங்கம் வேண்டுமா? 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் உட்கார்ந்தவர்கள் நாற்பது நாள் எழுந்திருக்கவில்லை. சோற்றுக்குத் தானியம் கிராமங்களிலிருந்து வந்தது. கொடுத்தவன் எல்லாம் தொண்டன் ஆனான். அந்த நெருப்பு டில்லி வரைக்கும் போய், 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆயிற்று.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. பெருமையோடு கொஞ்சம் வெட்கமும் உண்டு. தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலில் சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடுதான், 1997-லேயே செய்தோம். ஆனால் அதைக் கேட்டு ஊர் ஊராக யாரும் உட்காரவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த சட்டம். விதிவிலக்குகள் மலிந்திருந்தன. எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினார்கள்? நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்ததா என்பார்கள். கேட்டு வாங்கிய சட்டத்தைக் காப்பாற்ற ஆள் இருக்கும். கேளாமல் வந்த சட்டம் அலமாரியில் தூங்கும்.

இங்கே என் சிநேகிதர் ஒருவர் ஆட்சேபிக்கிறார்: "சட்டசபைக்காரர்களை வளைப்பது தரகு வேலை அல்லவா? நல்ல மனிதர்கள் இதில் கையை வைக்கலாமா?"

வைக்கத்தான் வேண்டும் என்கிறேன். பணம் படைத்தவனுக்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆள் கோட்டைக்குத் தினம் போகிறான். சட்டம் அச்சாகுமுன்பே படித்துவிடுகிறான். எந்த வரியில் எந்த வார்த்தையை எடுக்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் திரைக்குப் பின்னால் கேட்கிறான். நாம் ஊரறியக் கேட்கிறோம். தரகுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 'அரசியல் சாக்கடை' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் ஒதுங்கி நின்றால், 234 மெம்பர்களுடைய காதும் அவனுக்கே சொந்தமாகிவிடும். நம் பரிசுத்தத்தால் அவனுக்குத்தான் லாபம்.

மூன்றாவது வியாதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஏனென்றால் அது தலைவர்களுடைய வியாதி. பனமலைக் கோயிலில் ராஜசிம்மனுடைய குலப்பெருமையை வடமொழியில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல் சுமந்தவன் பெயர் அங்கே இல்லை. ராஜா காலத்தில் அது சரி. நம் பொதுக் காரியங்களிலும் அப்படித்தானே நடக்கிறது? மாலை தலைவருக்கு, பத்திரிகையில் படம் தலைவருக்கு, வெயிலில் வீடு வீடாகப் போன பையனுக்கு, "அடுத்த கூட்டத்துக்கு இன்னும் இருபது பேரை அழைத்து வா" என்கிற கட்டளை! அவன் ஏன் நின்றுவிட்டான் என்று பிறகு ஆச்சரியப்படுகிறோம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தியாக புத்தி இல்லை' என்று கட்டுரை வேறு எழுதுகிறோம்.

பனமலைப் பிள்ளைகளிடம் நான் கேட்டேன்: "முதல் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேருக்கும் என்ன வேலை கொடுத்தீர்கள்?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேச்சைக் கேக்கச் சொன்னோம் ஸார்" என்றான் முதலில் பேசிய பையன்.

அங்கேதான் தொண்டன் செத்துப்போகிறான். வந்தவனுக்கு அவனால் முடிகிற வேலை ஒன்றைக் கொடுக்கவேண்டும். ஒருவன் கணக்கு எழுதட்டும். ஒருத்தி தன் தெருவில் பத்து வீட்டை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் மெம்பருடைய காரியதரிசிக்கு மாதம் ஒரு கடிதம் போடட்டும். செய்த வேலை என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் பெயர் சொல்லிச் சொல்லவேண்டும். காரியம் பலிக்காவிட்டாலும் சொல்லவேண்டும். பெரிய ஏரியைத் தூர்வாரக் கேட்கும் முன்பு, எரியாத தெருவிளக்கு ஒன்றை எரியவைத்துக் காட்டவேண்டும். வீட்டில் வேலை இருக்கிறதென்று இரண்டு மாதம் வராதவன் திரும்பி வந்தால், "எங்கே போனாய்?" என்று கேட்காமல், "வா, உன் தெரு அப்படியே இருக்கிறது" என்று சொல்லத் தெரியவேண்டும்.

மெம்பரிடம் போகிறபோது வசைபாடப் போகக்கூடாது. கும்பிட்டு விழவும் கூடாது. வேண்டியது என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். பதில் என்றைக்கு என்று தேதி கேட்கவேண்டும். அந்தத் தேதியில், அவர் மறந்திருந்தாலும், நாம் அங்கே நிற்கவேண்டும். செய்து கொடுத்தால் ஊரறிய நன்றி சொல்லவேண்டும். நன்றி கேட்டுப் பழகாத மனிதர்கள் அவர்கள். அதன் ருசி தெரிந்தால் அடுத்த காரியத்துக்கும் வருவார்கள். சட்டசபையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. அதன் கதவையும் தட்டலாம். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. முன்பு நாலு நாளாக இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். அங்கே தீர்மானம் எழுதி வாங்கிக்கொண்டு போகிறவனுடைய குரல், மகஜரைத் தூக்கிக்கொண்டு போன என் குரலைவிடக் கனமாக இருக்கும்.

பட்டணத்து வாசகர்கள் இதெல்லாம் கிராமத்துக்குச் சொல்லுகிற உபதேசம் என்று பக்கத்தைத் திருப்பிவிடவேண்டாம். அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது, எடுத்துப்போடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆசனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதலாளியைக் கேளுங்கள். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். அதற்கும் பலனில்லாவிட்டால் உங்கள் மெம்பருக்கு ஒரு கடிதம் எழுதி, இன்னும் ஒன்பது பேரை எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகு, "யார் கேட்கிறார்கள்?" என்று சொல்லும் பாத்தியதை உங்களுக்கு உண்டு. அதற்கு முன்னால் கிடையாது.

வெயில் தாழ்ந்து நாங்கள் எழுந்திருக்கும்போது, தேநீர் கொடுத்த அம்மாள் தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "இந்தத் தடவை மெம்பரைப் பாக்கப் போனா, நான் பேசலாமாய்யா?"

"நீங்கதாம்மா பேசணும்" என்றேன்.

"நீங்க வருவீங்களா?"

"வர்றேம்மா. பின்னால நிக்கறேன்" என்றேன். கிராம சபை கூடும் அடுத்த தேதியை அவளுடைய மகள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது.